வாசகர் கேள்வி: இன்வெர்ட்டர் எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: கஜா புயலில் எங்கள் ஊரில் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பாட்டை மறக்காமல் பிறகு 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டோம். அதுவும் ஆறு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. மாமியார் இன்சுலின் போடுபவர். மறுபடி அப்படி ஒரு புயல் வந்தால் எத்தனை நாள் தாங்கும்?
- பேராவூரணி பக்கத்து வாசகி

பதில்: நாள் கணக்கிலெல்லாம் தாங்காதுங்க. 150 ஏஎச் (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு), 12 வோல்ட் என்றால் பெருக்கினால் 1,800 வாட் மணி. இன்வெர்ட்டர் தின்பது போக 1,200 தேறினால் பெரிசு. சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். ரெண்டு ஃபேன், நாலு எல்இடி பல்பு போட்டால் ஆறு மணி நேரம்தான், உங்கள் பேட்டரி மேல் குற்றமில்லை. கரண்ட் குறைவாகக் குடிக்கிற 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒன்று மாட்டி, அதோடு ஒரே ஒரு பல்பு என்று இருந்தால் ஒரு முழு நாள் இழுக்கலாம். தேவையில்லாதபோது இன்வெர்ட்டரையே அணைத்துவிடுங்கள், சும்மா இருந்தாலும் அது கொஞ்சம் குடிக்கும்.

ஆனால் நிஜமான கஷ்டம் ஃபேன் இல்லை, தண்ணீர்; கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாதே. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரையேறி, டெல்டாவில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்தது. அந்த வாரம் பட்டுக்கோட்டையில் அக்கா வீட்டில் இருந்தேன். டாட்டா ஏஸில் ஜெனரேட்டர் வருகிற சத்தம் கேட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும், ஒரு டேங்க் ரொப்ப இவ்வளவு என்று பேரம் நடக்கும், அக்கா அண்டா, குக்கர், பாயசம் வைக்கிற உருளி வரை எடுத்து வரிசையாக வைத்திருப்பாள். அதனால் புயல் எச்சரிக்கை வந்த அன்றே டேங்க், டிரம் எல்லாம் ரொப்பிவிடுங்கள்.

தெருவே சேர்ந்து ஜெனரேட்டர் எடுப்பதாக இருந்தால் சின்னதாக எடுத்து ஏமாறாதீர்கள். ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது 750 வாட் என்றாலும் கிளம்பும்போது மூன்று நாலு மடங்கு இழுக்கும். மோட்டாருக்கு நேராக ஒயர் கொடுக்கச் சொல்லுங்கள். சிலர் வீட்டு பிளக்கிலேயே சொருகிவிடுகிறார்கள், மெயினும் ஆனில் இருந்தால் அந்தக் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போகும், கம்பத்தில் ஏறி நமக்காக வேலை பார்க்கிற லைன்மேனைத்தான் அடிக்கும். அப்புறம், ஜெனரேட்டரைத் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இன்சுலினுக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான வகைகள் வெளியே எடுத்தபின், 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால், சுமார் 28 நாள் தாங்கும். ஆனாலும் வகைக்கு வகை மாறும் என்பதால் அட்டையில் உள்ளதைப் படித்து, டாக்டரிடமும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மண்சட்டியில் ஈரமணல், நடுவில் சின்னக் கலயம், அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் மருந்து, மேலே ஈரத்துணி: இது போதும். ஐஸ் மேல் மட்டும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் உதவாது. ஃபிரிட்ஜ் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கப்புறம் மீன் குழம்பை மோந்து பார்த்து முடிவு செய்கிற வேலையெல்லாம் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்துத் தெருவில் லைட் எரிகிறது, எங்களுக்கு மட்டும் இல்லை. ஓரவஞ்சனையா?
- கடலூர் வாசகர்

பதில்: அநேகமாக அவர்கள் வேறு டிரான்ஸ்ஃபார்மர். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போயிருக்கலாம், லைன் மேல் மரக்கிளை கிடக்கலாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், சீக்கிரம் பதிவாகும். அதுவரை பக்கத்து வீட்டிலிருந்து மழையில் ஒயர் இழுக்கிற யோசனை வேண்டாம். கரண்ட் வந்ததும் ஃபிரிட்ஜைப் போட்டுவிடாதீர்கள். ஒரு பல்பை மட்டும் பத்து நிமிஷம் எரியவிட்டு, அது மங்காமல், பளீரென்று எகிறாமல் நின்றால் அப்புறம் போடுங்கள்.