மலைநாடு போக எந்த மாதம் நல்லது? வன்னிக்காரர் கேள்விகளும் பதில்களும்

பரந்தன் விவசாயி: காலபோக நெல் அருவி வெட்டு முடிந்ததும் குடும்பத்தோடு நுவரெலியா போக யோசிக்கிறோம். பங்குனி சரிவருமா?

சரிவரும், வேறு மாதம் தேட வேண்டாம். மலைநாட்டுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா மேற்குப் பக்கம். பதுளை, பண்டாரவளை, எல்ல எல்லாம் ஊவா, அது கிழக்குப் பக்கம். வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் புரட்டாதி வரை மேற்குப் பக்கம் மழையில் ஊறும். ஈரத்தை அங்கே கொட்டிவிட்டு வருகிற அதே காற்றுதான் நம்ம பக்கம் வெறும் புழுதியைக் கிளப்புகிறது. மார்கழியில் வாடைக்காற்று நம்ம குளங்களை நிரப்பும்போது ஊவாவிலும் மழை. மாசியும் பங்குனி முற்பாதியும் இரண்டு காற்றும் அடங்கியிருக்கும் நாட்கள். உங்களுக்கும் வயல் வேலை இல்லை, மலையிலும் பெரிய மழை இல்லை. பங்குனி கடைசியில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும். அப்போது போனால் மத்தியானத்துக்குள் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

கொஞ்சம் முந்திப் போக முடிந்தால், ஏ9 வீதியிலேயே இருக்கிற மாத்தளை முத்துமாரியம்மனின் மாசி மகத் தேரையும் பார்க்கலாம். ஐந்து தேர் ஓடும்.

முள்ளியவளை ஆசிரியை: எங்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறையில்தான் போக முடியும். சித்திரையா, ஆவணியா?

சித்திரையில் நுவரெலியா ஒரே திருவிழா. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி எல்லாம் உண்டு. சனமும் உண்டு, அறை வாடகையும் ஏறிவிடும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் பார்க்க ஆசையென்றால் போங்கள். மலை பார்க்க என்றால் நான் போகமாட்டேன். ஆவணியில் நுவரெலியாவை விட்டுவிட்டு எல்ல, அப்புத்தளை பக்கம் போங்கள். கண்டி பெரஹரா நாட்களில் நகருக்குள் வாகனம் நகராது, திகதியைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.

வவுனியாவிலிருந்து ஒரு மகன்: அம்மா பசறைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தோடு குடும்பம் வன்னிக்கு வந்துவிட்டது. இப்போது எழுபது தாண்டிவிட்டார், முழங்கால் வலியும் இருக்கிறது. பழைய லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டை, ஒருதரம் பார்க்க வேண்டும் என்கிறார். எப்போது கூட்டிப் போவது?

ஆடி அல்லது ஆவணி. பசறை கிழக்குப் பக்கம் என்பதால் அப்போது வறண்டு இருக்கும். லயத்துப் படிகளும் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளும் ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலிக்காரரை மழையில் அங்கே நடக்கவிடக் கூடாது. தேயிலைக்காரர் கணக்கும் இதுதான். ஊவாத் தேயிலைக்கு மணம் கூடுவது ஆடி முதல் புரட்டாதி வரை அடிக்கிற வறண்ட காற்றில். மேற்கே திம்புளைப் பக்கத்தில் அந்தப் பருவம் தையிலிருந்து பங்குனி வரை. நல்ல தேயிலை வரும் மாதத்தில் அந்தப் பக்கம் போனால் வானமும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போங்கள். வேலை நாளில் எல்லோரும் மலையில் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள், அம்மாவோடு இருந்து பழைய கதை பேச லயத்தில் ஆள் இருக்காது. ஒரே நாளில் ஓடிவிட நினைக்காமல் வழியில் ஓர் இரவு தங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மட்டும் வேண்டாம். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29. டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தது 2025 நவம்பர் கடைசியில். மழை மாதத்தில் எந்தப் பக்கம் போனாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். நீங்கள் போகிற பிரதேச செயலகப் பிரிவின் பெயர் அதில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மாங்குளம் இளைஞர்: ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க எப்போது போகலாம்?

தை முதல் பங்குனி வரை. மாதத்தைவிட நேரம் முக்கியம். விடியற்காலையில் வாசலில் நில்லுங்கள், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி வெள்ளைச் சுவர்தான் தெரியும். 1000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை குறையும். சமவெளி 2100 மீற்றருக்கு மேலே. தை மாத விடியலில் புல்லில் உறைபனி படியும். மாங்குளத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு ஒரு சுவெட்டர் காணாது, காதை மூடவும் ஏதாவது வேண்டும்.

மன்னார் வாசகர்: சிவனொளிபாதமலை?

மார்கழிப் போயா என்கிற பௌர்ணமியிலிருந்து வைகாசிப் போயா வரை. தை, மாசியில் வார நாளில் ஏறுங்கள். போயா நாளில் 2243 மீற்றர் உச்சிக்குக் கிட்டப் படியிலேயே வரிசையில் நிற்க வேண்டிவரும். பருவம் முடிந்தால் பாதையில் விளக்கு இருக்காது, தேநீர்க் கடை இருக்காது, அட்டைக்கடி இருக்கும்.

ஒட்டுசுட்டான் வான் ஓட்டுநர்: ஆனியில் நுவரெலியாவுக்கு ஒரு பயணம் கேட்கிறார்கள். ஏற்கலாமா?

ஏற்கலாம், ஆனால் அவர்களிடம் மழை, மூடுபனி என்று முதலே சொல்லிவிடுங்கள். பிறகு உங்களோடுதான் சண்டை பிடிப்பார்கள். நம்ம நேர் வீதியில் ஓடிப் பழகிய கால் இறக்கத்திலும் பிரேக்கையே தேடும். தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். றம்பொடை வளைவுகளை வெளிச்சம் இருக்கும்போதே தாண்டப் பாருங்கள். இருட்டிவிட்டால் கம்பளையிலேயே தங்குங்கள்.