கேஸ் டார்ச் பட்டதும் சிவக்கும் கரி, எடுத்ததும் அணைவது ஏன்?

கேள்வி: கிரில்லுக்கான கரியைச் சமையலறைக் கேஸ் அடுப்பில், துளையிட்ட இரும்புச் சட்டியில் வைத்துப் பற்றவைத்து வந்தேன். பொறி தெறித்தது, பர்னரெல்லாம் கரித்தூள். இப்போது கேஸ் குப்பியில் பொருத்திச் சுடரைப் பீய்ச்சும் கேஸ் டார்ச் வாங்கியிருக்கிறேன். கரி உடனே சிவக்கிறது, சுடரை எடுத்தால் கறுத்துவிடுகிறது. தவறு எங்கே? கேஸ் வாடை உணவில் ஏறுமா?

பதில்: டார்ச்சில் பழுதில்லை. உங்கள் கரி இன்னும் பற்றவே இல்லை. சிவந்தது அதன் தோல் மட்டும்தான்.

மரக்கரி முழுவதும் நுண்துளைகள். வெப்பத்தை அது எளிதில் உள்ளே கடத்தாது. டார்ச்சின் சுடரோ ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டியது. எனவே சுடர் பட்ட இடம் சில நொடிகளில் சிவந்துவிடும். ஒரு விரற்கடை உள்ளே போனால் கரி குளிர்ந்தே கிடக்கும். சுடரை விலக்கியதும் சிவந்த மேற்பரப்பு தன் சூட்டை வெளியே வீசிவிட்டு அடங்கிப்போகிறது. தனியாகக் கிடக்கும் கங்குக்கு இதுதான் கதி. நான்கு துண்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடி நெருங்கிக் கிடந்தால், ஒன்று வீசும் சூட்டை மற்றது வாங்கித் திருப்பித் தரும். பலரும் கரியைப் பரப்பிவைத்து, சுவருக்குச் சாயம் அடிப்பதுபோல் மேலே சுடரை இழுத்துக்கொண்டே போகிறார்கள். கேஸ்தான் காலியாகும்.

கரியைக் குவியுங்கள். காற்று வரும் பக்கத்தில், குவியலின் அடியில் ஒரு சிறு பொந்து விடுங்கள். சுடரை அந்தப் பொந்துக்குள் மட்டும் காட்டி, ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். ஐந்தாறு துண்டுகள் சிவந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு விசிறியை எடுங்கள். சுடருக்குள் இருக்கும்வரை கரிக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. கேஸ் எரியும்போதே அதைத் தின்றுவிடுகிறது. கரி தன் காலில் நின்று எரியத் தொடங்குவது காற்று பட்ட பிறகுதான். பதினைந்து இருபது நிமிடத்தில் குவியல் முழுவதும் நீறு பூக்கும். அதன்பிறகு பரப்பிக்கொள்ளலாம்.

பொறி தெறிப்பதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். துளைகளில் தங்கிய நீர் திடீரென ஆவியாகிக் கரியை உடைக்கிறது. டார்ச்சின் சூடு திடுமென ஏறுவதால் இன்னும் மோசமாகவே தெறிக்கும். கழுத்து நீண்ட டார்ச், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பருத்தி உடை மூன்றும் வேண்டும். நைலான் சட்டையில் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குப்பியைத் தலைகீழாகச் சாய்க்கவும் வேண்டாம். பல குப்பிகளில் அப்போது திரவமே முனைக்கு வந்து சுடர் குபீரென்று பெருகும். குப்பியில் இருக்கும் பியூட்டேன் கேஸ் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாகக்கூடியது என்பதால் கடுங்குளிரில் சுடர் சோம்பும். அங்கே, குளிரிலும் எளிதில் ஆவியாகும் புரோப்பேன் கலந்த குப்பி உதவும்.

அடுப்பு முறை மட்டமானது என்று சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் டார்ச்சைவிட நிதானமாக, ஆழமாகப் பற்றவைப்பது அதுதான். ஆனால் சமையலறையில் வேண்டாம். கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வரவில்லையே என்று நாம் நிம்மதியாக இருக்கும் நேரத்தில்தான் அது மிகுதியாக வரும். ஜன்னலைத் திறந்துவைத்தேன் என்பது சமாதானம் ஆகாது. கனலும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதும் எனக்கு உவப்பில்லை. வெளியே, சமதளத்தில், குழாய் மூலம் சிலிண்டர் தள்ளி நிற்கும் ஒற்றை பர்னரில் சட்டியை ஐந்து நிமிடம் வையுங்கள். மீதியைக் கிரில்லில் காற்று பார்த்துக்கொள்ளும்.

குப்பியைப் பக்கவாட்டில் செருகும் கையடக்க அடுப்பில் மட்டும் கரிச்சட்டியை வைக்கவே கூடாது. கங்கின் சூடு கீழ்நோக்கி இறங்கிக் குப்பியைத் தாக்கும்; அது வெடிக்கலாம்.

வாடை பற்றிய கவலையை விடுங்கள். கேஸில் சேர்க்கும் நாற்றப் பொருள் நீலச் சுடரில் எரிந்துவிடுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான். சுடர் மஞ்சளாகிப் புகைக்கரி படிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். எரிதிரவத்தில் ஊறவைத்து விற்கும் கரிக்கட்டிகள்தான் வாய்க்கு வாடை தருபவை. அவற்றுக்குத் தீக்குச்சியே போதும், டார்ச்சைக் காட்டாதீர்கள்.