வாசகர் கேள்வி–பதில்: சொந்த ஹெலிகொப்டருக்கு வருடச் செலவும் காப்புறுதியும்

இம்முறை வந்த கடிதங்களில் கணிசமானவை ஹெலிகொப்டர் பற்றியவை. மலைநாட்டுப் பாதைகள் அடிக்கடி மண் சரிந்து மூடப்படும் காலத்தில் இது ஆச்சரியமில்லை. கீழே வரும் டொலர் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. விலைப்பட்டியலாக எண்ண வேண்டாம். மணித்தியால, வருட எல்லைகள் மட்டும் தயாரிப்பாளர் விதித்தவை.

கேள்வி (ஹட்டன்): எங்கள் குடும்பத்துக்கு இரண்டு சுற்றுலா விடுதிகள் உண்டு. பத்து வருடப் பழைய ரொபின்சன் ஆர் 44 ராவன் 2 ஒன்று விலைக்கு வருகிறது. 400 மணித்தியாலம்தான் பறந்திருக்கிறது, புதியதன் பாதி விலைகூட இல்லை. வாங்கலாமா?

பதில்: மணித்தியாலம் குறைவு என்பதைக் கேட்டு மயங்க வேண்டாம். ஆர் 44க்கு எல்லை இரண்டு: 2,200 பறப்பு மணித்தியாலம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. அந்த நாள் வந்ததும் என்ஜின், கியர்பொக்ஸ், ரோட்டர் பிளேட் எல்லாம் கழற்றப்பட்டு முழுத் திருத்தியமைப்புக்குப் போகவேண்டும். நீங்கள் பார்த்த ஹெலிகொப்டருக்கு 1,800 மணித்தியாலம் மிச்சம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் மிச்சம் இருப்பது இரண்டே வருடம். விலை குறைந்ததற்குக் காரணமும் அதுதான்.

திருத்தியமைப்புக்கு 264,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2,200 மணித்தியாலத்தையும் பறந்து தீர்ப்பவருக்கு அது மணிக்கு 120 டொலர். அதற்கு வருடத்தில் 183 மணித்தியாலம் பறக்கவேண்டும். வருடம் 50 மணித்தியாலம் மட்டும் பறப்பவருக்கு 12 வருடத்தில் 600 மணித்தியாலம்தான் சேரும்; அதே செலவு மணிக்கு 440 டொலர் ஆகிவிடும். இதனோடு காப்புறுதியையும் சேருங்கள். 400,000 டொலர் பெறுமதிக்கு 5 வீதம் என்றால் வருடம் 20,000 டொலர். 50 மணித்தியாலத்தில் பிரித்தால் மணிக்கு 400 டொலர், 200 மணித்தியாலத்தில் பிரித்தால் 100 டொலர். ஆக, எரிபொருள் ஊற்றுமுன்பே, விமானிக்குச் சம்பளம் கொடுக்குமுன்பே, குறைவாகப் பறப்பவர் மணிக்கு 840 டொலரில் நிற்கிறார். வருடம் 100 மணித்தியாலத்துக்குக் கீழே என்றால் வாடகைக்கு எடுப்பதே புத்தி என்பது எங்கள் கருத்து.

குறைவாகப் பறந்ததில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆர் 44இன் லைகோமிங் என்ஜினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மேல்பக்கம் இருக்கிறது. வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால் அதன்மேல் உள்ள எண்ணெய் வடிந்து, ஈரம் ஏறி, துருப் புள்ளிகள் விழும். பிறகு ஓடும்போது அந்த இடம் செதில் செதிலாகப் பெயரும். வாங்குமுன் ஒயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளை வெள்ளைத் துணியில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் கிடைத்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ரோட்டர் பிளேட்டின் நுனிப் பகுதியில், முன்விளிம்பு உலோகமும் உறைத் தகடும் ஒட்டப்பட்ட கோட்டில் பெயின்ட் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழைத்துளி அடித்து அங்கே பெயின்ட் போனால் ஒட்டு பிரியத் தொடங்கும். மலைநாட்டில் பறந்தது என்றால் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

கேள்வி (கந்தப்பளை): நான்கு இருக்கை உள்ள ஆர் 44, நுவரெலியாவிலிருந்து நால்வரைத் தூக்குமா?

பதில்: தாளில் தூக்கும். ராவன் 2இன் உச்ச எடை 1,134 கிலோ. வெறும் எடை ஏறத்தாழ 685 கிலோ. மிச்சம் 450 கிலோ. இரண்டு தாங்கியும் நிரம்பினால் எரிபொருள் 127 கிலோ அளவில் வரும். மீதியில் 80 கிலோ ஆட்கள் நால்வர் அமரலாம், பை ஒன்றும் இல்லாமல்.

ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். 20 பாகை வெயில் அடிக்கும் பகலில் அங்கே காற்றின் அடர்த்தி 2,500 மீற்றர் உயரத்துக்குரியதாக இருக்கும். மரங்கள் சூழ்ந்த சிறு மைதானத்திலிருந்து நேராக மேலே எழ அந்தக் காற்றில் சக்தி மிச்சமிருக்காது. விமானியோடு மூவர் என்று கணக்கிடுங்கள். பகல் ஏறிவிட்டால் இருவர். எரிபொருளும் இதில் வந்து மோதும். இது மணிக்கு ஏறத்தாழ 60 லீற்றர் விமானப் பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல் செட்டில் அடிக்கும் பெட்ரோலுக்கு இதில் அனுமதியில்லை. மலையில் விமானப் பெட்ரோல் கிடைக்காது என்பதால், இரத்மலானையிலிருந்து அரைமணி நேரம் ஏறி வர, திரும்பிப் போக, பனியில் வழி மாற என்று 100 லீற்றருக்கு மேல் சுமந்தே வரவேண்டும்.

இன்னொன்று: மலிவாகக் கிடைக்கிறதென்று கார்புரேட்டர் உள்ள ராவன் 1ஐ மலைக்கு எடுக்காதீர்கள். 10 முதல் 20 பாகைக் குளிரும் பனிமூட்டமும் சேர்ந்த இடத்தில், சக்தியைக் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும். ராவன் 2இல் எரிபொருள் நேரடியாக உட்செலுத்தப்படுவதால் அந்தப் பிரச்சினை இல்லை.

கேள்வி (நுவரெலியா): காப்புறுதிக்கு விலை கேட்டோம். விமானியின் பறப்புப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டார்கள். மகன் உரிமம் எடுத்து 90 மணித்தியாலம் பறந்திருக்கிறார். அவர் பெயரைச் சேர்த்ததும் தொகை ஏறிவிட்டது. பெறுமதியைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும் என்கிறார்களே?

பதில்: இலங்கையில் பத்திரம் எழுதுவது உள்ளூர் நிறுவனம்தான் என்றாலும், ஆபத்தின் பெரும்பங்கு வெளிநாட்டு மறுகாப்புறுதிக்காரரிடம் (காப்புறுதி நிறுவனத்துக்கே காப்புறுதி தருபவர்) போகிறது. அவர் உங்கள் ஹெலிகொப்டரைப் பார்க்கப்போவதில்லை, தாளைத்தான் பார்ப்பார். மொத்த மணித்தியாலம், அதே வகையில் மணித்தியாலம், கடந்த 90 நாளில் பறந்தது, வருடாந்த மீள்பயிற்சி ஆகிய நான்கும்தான் விகிதத்தைத் தீர்மானிக்கின்றன. ரொபின்சனின் ரோட்டர் எடை குறைந்தது. என்ஜின் சக்தி போனால் ரோட்டர் வேகம் நொடிக் கணக்கில் விழும். அதனால்தான் அமெரிக்காவில் ஆர் 22, ஆர் 44 விமானிகளுக்கு 1995 முதல் தனி விதியே இருக்கிறது. மகனைத் தனியாகப் பறக்க அனுமதிக்காமல், முதல் வருடம் அனுபவமுள்ள விமானியோடு மட்டும் என்ற நிபந்தனையை நீங்களே முன்வையுங்கள். விகிதம் இறங்க இடமுண்டு.

பெறுமதியைக் குறைத்துப் போடுவது தன் காலில் தானே வெட்டுவது. 450,000 டொலர் பெறுமதியானதை 300,000க்குக் காப்புறுதி செய்தீர்கள் என்று வைப்போம். வால் அடிபட்டுத் திருத்த 230,000 ஆகும் என்றால், நிறுவனம் அதை முழு இழப்பாக எடுத்து 300,000ஐக் கையில் தந்துவிட்டு, சிதைவை விற்றுக் காசு பார்க்கும். கூட்டிப் போட்டாலும் ஆபத்துத்தான்: ஒதுக்கித்தள்ள வேண்டிய நிலையில் உள்ளதையும் ஒட்டுப்போட்டுத் திருத்தித் தருவார்கள்.

பலர் வாசிக்காத வரி ஒன்று உண்டு. லண்டன் சந்தையின் ஏவிஎன் 1சி வகைப் பத்திரத்தில், ஆயுள் எல்லையுள்ள பாகம் சேதமானால் பயன்படுத்திய காலத்தின் பங்கு கழிக்கப்படும். என்ஜின் திருத்தியமைப்பு 40,000 டொலர், நீங்கள் 2,200இல் 1,650 மணித்தியாலத்தை ஓடித் தீர்த்துவிட்டீர்கள் என்றால் 30,000 டொலர் உங்கள் தலையில். சவுக்கு மரக் கிளை ஒன்றில் பிளேட் நுனி பட்டால்கூட பிளேட்டோடு முடியாது. கியர்பொக்ஸையும் என்ஜினையும் திறந்து பார்த்தாகவேண்டும். அப்போதுதான் இந்த வரி கடிக்கும்.

கேள்வி (பண்டாரவளை): தோட்டத்துப் பாடசாலை மைதானத்தில் இறங்கினால் லயத்துத் தகரம் பறந்துவிட்டது என்று வழக்கு வருமா? காப்புறுதி கொடுக்குமா?

பதில்: வரும். மூன்றாம் தரப்புப் பொறுப்புப் பிரிவு இதற்குத்தான். ஒரு தொன்னுக்கு மேல் எடையைத் தாங்கும் காற்று கீழ்நோக்கி அடிக்கிறது. கல் வைத்து அமுக்கிய தகரமும், மரக்கறித் தோட்டத்துப் பொலித்தீன் கூடாரமும் அதற்கு நிற்காது. பறந்த தகரத்துக்கும் கிழிந்த பொலித்தீனுக்கும் பணம் கிடைக்கும். சத்தத்தால் மாடு மிரண்டது, பிள்ளை அழுதது போன்ற முறைப்பாடுகளுக்குக் கிடைக்காது. சத்தத்தை விலக்கும் வாசகம் விமானக் காப்புறுதியில் வழக்கமாகவே இருக்கும்.

மைதானச் சொந்தக்காரரின் எழுத்துமூல அனுமதியும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் இல்லாமல் இறங்காதீர்கள். தயாரிப்பாளர் கைந்நூல் சொல்லும் நிபந்தனைகளுக்குப் பொருந்தாத இடத்தில், நிர்ப்பந்தம் இல்லாமல் இறங்கினால் பத்திரமே கைவிரிக்கும். இறங்குமுன் ஒருவர் நடந்தே போய்க் கம்பி பார்க்கவேண்டும். லக்சபான பக்கத்து உயரழுத்த மின்கம்பியாவது தூணோடு கண்ணுக்குத் தெரியும். கைவிட்ட கொழுந்துக் கம்பி ரோப்வே ஒன்று பள்ளத்தாக்குக்குக் குறுக்கே தொங்கினால் மேலிருந்து தெரியவே தெரியாது.

கேள்வி (தலவாக்கலை): பனிமூட்டத்தில் ஹெலிகொப்டர் மாட்டிக்கொண்டால் லொறியில் ஏற்றி இறக்கலாமா?

பதில்: ஏற்றலாம், ஆனால் ஹல் காப்புறுதி (ஹெலிகொப்டரின் சொந்தச் சேதத்துக்கான பிரிவு) லொறிப் பயணத்துக்கு இல்லை. விபத்தில் சேதமாகி இழப்பீட்டுக்கு உரிய ஹெலிகொப்டரை எடுத்துச்செல்வது மட்டுமே விதிவிலக்கு. நல்ல நிலையில் உள்ளதை கினிகத்தேனை வளைவுகளில் இறக்குவதென்றால் தனியே போக்குவரத்துக் காப்புறுதி எடுக்கவேண்டும். பிளேட்டுகளைக் கழற்றாமலும், வாலுக்குத் தனித் தாங்கல் கொடுக்காமலும் ஏற்றவும் கூடாது. இரவு காவலுக்கும் தார்ப்பாய்க்கும் ஆகும் செலவு, அவசரமாக இறங்கியதால் ஏற்பட்டது என்றால், காப்புறுதித் தொகையின் 10 வீதம் வரை அதே பத்திரத்தில் கேட்கலாம். பனி விலகும்வரை வெறுமனே காத்திருந்ததற்கான செலவைக் கேட்க முடியாது.

கேள்வி (வெலிமடை): சனி, ஞாயிறில் வாடகைக்கு விட்டுச் செலவைச் சரிக்கட்டலாமா?

பதில்: முடியாது. காசு வாங்கி ஆள் ஏற்றினால் அது வணிகப் பறப்பு. அதற்கு விமான இயக்குநர் சான்றிதழ் வேண்டும், விமானிக்கு வணிக உரிமம் வேண்டும், பத்திரத்தில் பயன்பாடு மாற்றி எழுதப்படவேண்டும். தனிப்பட்ட பாவனை என்று எழுதிய பத்திரத்தோடு ஒரு பயணி காயப்பட்டால், ஹல், பயணி, மூன்றாம் தரப்பு மூன்றும் சேர்ந்து போய்விடும். சான்றிதழ் உள்ள நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் கொடுத்து, அவர்களே பறந்து, அவர்களே காப்புறுதி கட்டுவதுதான் நேர்வழி. அப்போது வருடத்தில் 183 மணித்தியாலம் எட்டவும் வாய்ப்பு உண்டு.