சண்டை ஓய்ந்த பிறகும் ஓயாத மனம்: வன்னி வாசகர்களின் உளநலக் கேள்விகள்

கேள்வி: 2009 மே மாதம், இலங்கைப் போரின் முடிவில், முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்த கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. திவசம் செய்யச் சொல்லி மாமியார் நெருக்குகிறா. எனக்கு மனம் வரவில்லை.

பதில்: மனம் வராமல் செய்யவே வேண்டாம். உடலையும் காணாமல், சேதியும் இல்லாமல் இருப்பவர் தவிப்பது நோயல்ல. நெருக்குதலுக்காகத் திவசம் செய்துவிட்டு, 'நானே அவரைச் சாகடித்துவிட்டேன்' என்று பிறகு உடைந்துபோகிறவர்கள் உண்டு. அவருடைய பிறந்தநாளில் படத்துக்கு மாலை போடாமல் விளக்கு மட்டும் ஏற்றுங்கள். அவருக்குப் பிடித்த கறியைச் சமைத்து, பிள்ளைகளோடு அவரைப் பற்றிக் கதையுங்கள். 'அப்பா வெளிநாட்டில்' என்று சொல்லாதீர்கள். பொய் வெளிக்கும் நாளில் பிள்ளை உங்களையும் நம்பாது. 'எங்கே என்று தெரியாது, தேடுகிறோம்' என்றே சொல்லுங்கள். இலங்கையின் 2016 சட்டத்தின்படி மரணச் சான்றிதழ் எடுக்காமலே, காணாமற்போனவர் என்ற சான்றிதழ் பெற்றுச் சொத்து, உதவித்தொகை அலுவல்களைப் பார்க்கலாம்.

கேள்வி: ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் அப்பா கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறார்.

பதில்: பின்னால் போய்ப் பிடித்து உலுப்பாதீர்கள். அவர் கண்ணில் படும் பக்கம், கொஞ்சம் தள்ளி இருந்து, 'அப்பா, இது எங்கட வீடு, சண்டை முடிஞ்சுது' என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பாதத்தை நிலத்தில் ஊன்றச் செய்து, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுங்கள். பிறகு 3 எண்ணி மூச்சை இழுத்து, 3 எண்ணி விடட்டும். வேகமாக ஆழ இழுத்தால் தலை சுற்றி, விரல் விறைத்து, பயம் கூடும். பயம் வந்த நேரத்தில் புதிதாகப் பழக முடியாது. அமைதியான மாலைகளில் 5 நிமிடம் பழக்குங்கள். நித்திரையும் கெட்டால் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: போரில் பாதிக்கப்பட்ட ஊரார் எல்லோரும் தத்தம் கதையைச் சொல்லி அழ ஒருநாள் கூட்டம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே நாளில் காயத்தைத் திறந்துவிட்டுப் போனால், அன்றிரவு அவர்களோடு யார் இருப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் 'பிரச்சினை மேலாண்மை பிளஸ்' முறையைப் பாருங்கள்: வாரம் ஒன்றாக 5 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் ஊர்த் தொண்டரே நடத்தலாம். மூச்சு, ஒரு பிரச்சினையைப் பிரித்துத் தீர்ப்பது, விட்டுப்போன வேலையைச் சிறிதாகத் தொடங்குவது, துணை தேடுவது ஆகியவையே அதன் பாடங்கள். கதை சொல்லும்படி யாரையும் வற்புறுத்துவதில்லை.

கேள்வி: தினமும் கசிப்பு (கள்ளச் சாராயம்) குடிக்கும் அண்ணாவை நாளைக்கே நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. வைத்தியசாலையில் வைத்து நிறுத்துங்கள். அதுவரை 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணில் கேட்கலாம்.