ஸ்கேன் படம் இருக்க, ஒத்திகை எதற்கு?

கேள்வி: மூளை அறுவை சிகிச்சையை முதலில் கணினி உருவாக்கும் மெய்நிகர்க் காட்சியில் செய்து பார்க்கிறார்கள் என்று படித்தேன். ஸ்கேன் படங்களை வைத்தே இத்தனை காலம் அறுவை செய்துவந்த மருத்துவர்களுக்கு இந்த ஒத்திகை எதற்கு? – வாசகி, திண்டுக்கல்

பதில்: ஸ்கேன் தருவது ஒரே படம் அன்று, வெண்டைக்காயை மெல்லியதாக நறுக்கிப் பரப்பியது போன்ற நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுகள். அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, ஒரு ரத்தக்குழாய் கட்டிக்கு முன்னால் போகிறதா, பின்னால் வளைகிறதா என்பதை மருத்துவர் தம் மனத்துக்குள் கோத்துக்கொள்ள வேண்டும். கைதேர்ந்தவருக்கு இது பழகிய வேலைதான். ஆனால் அவர் மனத்தில் கோத்த உருவத்தை அருகில் நிற்கும் மயக்கவியல் மருத்துவரோ உதவியாளரோ பார்க்க முடியாது. அந்த உருவத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்க வைப்பதே ஒத்திகையின் பெரும்பயன் என்பது என் எண்ணம்.

2022இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில், தலை ஒட்டிப் பிறந்து நான்கு வயதை நெருங்கிய இரட்டைச் சிறுவர்களைப் பிரித்தார்கள். இருவருக்கும் முக்கியமான ரத்தக்குழாய்கள் பொதுவாக இருந்தன. முன்பு செய்து தோல்வியுற்ற அறுவைகளின் தழும்புத் திசுவும் வழியை மறித்தது. சிறுவர்களின் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் அமைத்து, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். ரியோவின் மருத்துவர்களும், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் ஓவைஸ் ஜீலானியின் குழுவினரும், கண்ணை மூடி உள்திரையில் காட்சி காட்டும் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவரவர் ஊரில் இருந்தபடியே ஒரே மெய்நிகர் அறைக்குள் நின்று, எந்தக் குழாயை எப்போது வெட்டுவது என்று விவாதித்தார்கள். மொத்தம் 7 அறுவைகள், இறுதி அறுவை மட்டும் 27 மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது.

கண்ணால் பார்ப்பதோடு கைக்கும் பழக்கம் வேண்டும் அல்லவா? 2009இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் டேவிட் கிளார்க் என்னும் அறுவை மருத்துவர், நோயாளி ஒருவரின் மூளைக்கட்டியின் கணினி உருவத்தையே, வெட்டும்போது கைக்கு எதிர்விசை தரும் கருவியில் முதலில் அகற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு உண்மையான அறுவையைச் செய்தார்.

குறைகளும் உண்டு. எது சிரை, எது தமனி என்று படத்தில் எல்லை குறித்தவர் தவறினால், அந்தத் தவறும் ஒத்திகைக்குள் வந்துவிடும். மேலும் மண்டையோட்டைத் திறந்து, மூளையைச் சூழ்ந்த நீர் வடிந்தவுடன், மூளை சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரைகூட அமிழும். நேற்றைய ஸ்கேனில் கட்டி இருந்த இடமும் இன்று அது இருக்கும் இடமும் பொருந்தாமல் போகும். அதனால்தான் வசதியுள்ள சில மருத்துவமனைகளில், அறுவையின் நடுவிலேயே மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள்.