பகலில் காயட்டும், இரவில் நனையட்டும்: பச்சோந்தி வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

பச்சோந்தி வளர்ப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: கூண்டுக்குள் எத்தனை டிகிரி, எத்தனை சதவீதம் ஈரப்பதம்? ஒரே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி ஓர் எண் கிடையாது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, கூண்டின் உச்சிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆண் வெய்ல்டு பச்சோந்தி, ஒன்றரை வயது. வலைக் கூண்டில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுவதால் வீட்டு ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 60-க்குக் குறையக் கூடாது என்று படித்ததால் ஃபாகரை (பனிமூட்டம்போல ஈரத்தைப் பரப்பும் கருவி) நாள் முழுக்க ஓடவிடுகிறேன். இப்போது மண்ணில் பூஞ்சை. இரண்டு நாளாக மூச்சு விடும்போது ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தமும் கேட்கிறது. (டொராண்டோ)

முதலில் அந்தச் சத்தம். ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். மூச்சில் சத்தம், மூக்கிலோ வாயிலோ குமிழி, தூங்கும்போது தலையை மேலே தூக்கி வைத்துக்கொள்வது, இவையெல்லாம் சுவாசத் தொற்றின் அறிகுறிகள். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பச்சோந்திக்கு இல்லை. இருமிச் சளியைத் துப்ப அதனால் முடியாது. உள்ளே சேர்ந்தது சேர்ந்ததுதான். வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமில்லை.

அடுத்து, பகலில் ஃபாகரை நிறுத்துங்கள். சூடும் ஈரமும் நாள் முழுக்கச் சேர்ந்திருக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் நன்றாக வளரும். நீங்கள் படித்த 60 சதவீதம் பழைய அறிவுரை. பகலில் இருக்க வேண்டிய 35-ஐயும் இரவில் இருக்க வேண்டிய 90-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 60 சொச்சம் வரும். ஆனால் அந்த 60 உங்கள் பச்சோந்தி வாழ வேண்டிய எந்த நேரத்துக்கும் பொருந்தாது.

வெய்ல்டின் சொந்த ஊர் ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும். செங்கடலைப் பார்த்த மலைச்சரிவுகளிலும் அவற்றின் நடுவே இறங்கும் பள்ளத்தாக்குகளிலும் பகல் காய்ந்து கிடக்கும். இரவில் குளிரும், காற்றில் ஈரம் ஏறும், விடியும்போது இலைகளில் பனித்துளி நிற்கும். அதை நக்கித்தான் அதன் நாள் தொடங்குகிறது. செக் நாட்டுப் பச்சோந்தி ஆய்வாளர் பெட்ர் நேச்சஸ் போன்றவர்கள் இந்த இரவு ஈரத்தின் முக்கியத்துவத்தை எடுத்துச்சொன்ன பிறகுதான் வளர்ப்பு முறையும் மாறத் தொடங்கியது. இப்போது நான் சொல்லும் அளவு: பகலில் 30 முதல் 50 சதவீதம், இரவில் 80-க்கு மேல்.

இது கஷ்டமான காரியம் இல்லை, காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால், 20 டிகிரியில் 80 சதவீதம் காட்டும் அதே காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு ஈரம் போகாமலே மீட்டர் 44 சதவீதத்துக்கு இறங்கும். உங்கள் ஊர்க் குளிர்காலச் சிக்கலும் இதனால்தான். வெளியே பூஜ்ஜியம் டிகிரியில் நூறு சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று, வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் 26 சதவீதம்தான் காட்டும். வெளியே இன்னும் குளிர்ந்தால் இன்னும் குறையும்.

சரி, எப்படிச் செய்வது? கூண்டின் பின்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் தடித்த பாலிதீன் ஷீட்டால் மூடுங்கள். முன்பக்கமும் மேல்பக்கமும் வலையாகவே இருக்கட்டும், காற்று ஓட வேண்டும். விளக்கு அணைந்ததும் தெளிப்பான் இரண்டு நிமிடம் தண்ணீர் தெளிக்கட்டும். நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஃபாகர் விட்டுவிட்டு ஓடட்டும். விளக்கு எரிவதற்குச் சற்று முன் இன்னொரு இரண்டு நிமிடத் தெளிப்பு. அப்புறம் காலை முழுக்கக் காயவிடுங்கள். மதியத்துக்குள் இலைகள் காயவில்லை என்றால் தெளிப்பைக் குறைக்க வேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. இரவில் கூண்டு 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் ஃபாகர். அறை 24 டிகிரியில் நிற்கிறது என்றால் முதலில் அந்த அறையின் ஹீட்டரைக் குறையுங்கள். முடியாவிட்டால் ஃபாகரே வேண்டாம், தெளிப்பு மட்டும் போதும். ஃபாகருக்குள் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள், வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து காயவையுங்கள். அழுக்குத் தொட்டியில் இருக்கும் கிருமியை ஃபாகர் நேராக நுரையீரலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கேள்வி: பெண் வெய்ல்டு வாங்கியிருக்கிறேன். பாஸ்கிங் இடம் (பல்பின் சூட்டில் வெயில் காயும் இடம்) 38 டிகிரி இருக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். சரியா? (நியூஜெர்சி)

சரியில்லை. பெண்ணுக்கு 27, 28 டிகிரி போதும். ஆணுக்கு 29 முதல் 31 வரை.

பெண்ணுக்கு ஏன் குறைவு என்று கேட்பீர்கள். வெய்ல்டு பெண் ஆணோடு சேராமலே முட்டை உருவாக்கும். சூடும் தீனியும் அதிகமாக இருந்தால் ஒரே ஈட்டில் 60, 70 முட்டை என்று போகும். அத்தனை முட்டைக்கும் கால்சியம் அவள் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டு இறக்கும் பெண்களும் உண்டு. வளர்ந்த பிறகு வெப்பத்தையும் தீனியையும் அளவோடு வைத்தால் முட்டைகளின் எண்ணிக்கை குறைகிறது, ஆயுள் கூடுகிறது. பெண் வெய்ல்டு சின்ன வயதிலேயே போய்விடும் என்று பலர் விதியைப்போலச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதில் பெரும்பங்கு நாம் கொடுக்கும் சூடும் தீனியும்தான். முட்டையிடாத நாட்களிலும் கூண்டில் ஈர மணல் தொட்டி இருக்கட்டும், ஓர் அடி ஆழத்துக்கு, தோண்டினால் சரியாத அளவு ஈரத்தோடு.

அளக்கும் இடத்தையும் கவனியுங்கள். பல்புக்கு மிக அருகில் வருவது வெயில் காயும் கிளை இல்லை; அந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கும் பச்சோந்தியின் முதுகும் தலைக்கொண்டையும்தான். மீட்டரின் முனையை அந்த உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். கிளையில் 29 இருக்கும்போது கொண்டையில் 38 இருக்கலாம். சுடுகிறது என்று உணர்ந்து விலகுவதற்குள் தோல் வெந்துவிடுகிறது. கொண்டை நுனியில் கறுத்த புண்ணோடு வரும் பச்சோந்திகளை அடிக்கடி பார்க்கிறேன். பல்பைக் கூண்டுக்குள் தொங்கவிடாதீர்கள், வலைக்கு மேலே வையுங்கள். முதுகுக்கும் பல்புக்கும் நடுவே 20, 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

கேள்வி: இரண்டு ஈரப்பத மீட்டர் வைத்திருக்கிறேன். ஒன்று 45, இன்னொன்று 70. எதை நம்புவது?

இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் மாதிரி ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டர்களையும் ஒரு ஜிப் பையில் வைத்துக் காற்றுப் போகாமல் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். எத்தனை தள்ளிக் காட்டுகிறதோ அதைக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். முள் வைத்த வட்ட மீட்டராக இருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டல் வாங்குங்கள்.

கேள்வி: இரவில் அறை 16 டிகிரிக்கு இறங்குகிறது. சிவப்பு பல்பு போடலாமா? ஈரம் நிற்பதற்காகக் கூண்டின் மேலே கண்ணாடி மூடியும் போடலாம் என்று நினைக்கிறேன். (லண்டன்)

இரண்டும் வேண்டாம்.

16 டிகிரி, வளர்ந்த வெய்ல்டுக்கு நல்ல இரவு. குளிர்ந்தால்தான் ஆழ்ந்து தூங்கும். பேந்தர் பச்சோந்தி மடகாஸ்கரின் வெப்பமான கடலோரத்திலிருந்து வந்தது என்பதால் அதற்கு 18, 20 இருந்தால் நல்லது. சிவப்பு வெளிச்சம் பச்சோந்தியின் கண்ணுக்குத் தெரியும், தூக்கம் கெடும். நிஜமாகவே உறைகிற குளிர் என்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு போடுங்கள்.

கண்ணாடி மூடி இன்னும் மோசம். யுவிபி என்னும் புற ஊதாக் கதிர் கண்ணாடிக்குள் நுழையாது. தோலில் யுவிபி பட்டு ஒரு முன்பொருள் உருவாகி, உடல் சூட்டில் அது வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. அதாவது யுவிபி, வெப்பம் இரண்டும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் தீனியில் தூவும் கால்சியம் எலும்பில் சேராமல் போகும், கால் வளையும், தாடை ரப்பர்போல ஆகும். யுவிபி குழாயும் பாஸ்கிங் பல்பும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே கிளைக்கு நேராக இருக்க வேண்டியதும் இதனால்தான்.

கேள்வி: எங்கள் தோட்டத்து முருங்கை மரத்தில் ஒரு பச்சோந்தி கிடைத்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு அழகாக இருக்கிறது. மகன் வளர்க்க ஆசைப்படுகிறான். எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்? (மதுரை)

எந்த டிகிரியிலும் வைக்க வேண்டாம். அது இந்தியப் பச்சோந்தி. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இன்றைக்கே அதே மரத்தில் விட்டுவிடுங்கள். காட்டிலிருந்து பிடித்த பச்சோந்தி கூண்டில் சாப்பிடாமல் மெலிந்து சாவதுதான் வழக்கம். உங்கள் மகன் ஆசைப்பட்டது நல்ல விஷயம், அதை அணைத்துவிட வேண்டாம். முருங்கை மரத்துக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தால் அது அங்கேயே சுற்றிவரும். காலை வெயிலில் கறுத்துப்போய் உடம்பைத் தட்டையாக்கி வெயில் காய்வதையும், சூடேறியதும் வெளுத்து நிழலுக்குள் நகர்வதையும் அவன் கீழே நின்றே பார்க்கலாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதையெல்லாம் அது யாரும் சொல்லாமலே செய்து காட்டும்.

கேள்வி: ஆண் ஜாக்சன் பச்சோந்தி. வீடு எப்போதும் 26 டிகிரி ஏசியில்தான் இருக்கிறது. பாஸ்கிங் 31. மதியம் ஆனால் வெளுத்துப்போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். (ஹூஸ்டன்)

அவன் வெந்துகொண்டிருக்கிறான். வாயைத் திறப்பதும் வெளுப்பதும் உடல் சூட்டை வெளியேற்றுவதற்கு. பாஸ்கிங் பல்பை இப்போதே அணையுங்கள். அந்த நிலையில் பார்த்தால் குளிர்ந்த அறைக்கு மாற்றி, அறைச் சூட்டில் உள்ள தண்ணீரை மென்மையாகத் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், அதிர்ச்சியாகிவிடும்.

வெய்ல்டின் அளவை ஜாக்சனுக்குப் போட்டிருக்கிறீர்கள். இது கென்யாவின் மலைப்பகுதி, கென்ய மலைச் சரிவுகளில் வாழும் இனம். பாஸ்கிங் 27 போதும், அதுவும் காலையில் சில மணி நேரம். மற்ற நேரம் 22, 23. இரவு 10 முதல் 16 வரை இறங்க வேண்டும். ஜாக்சனுக்கு இரவுக் குளிர் ஆடம்பரம் இல்லை, உணவு மாதிரி. 1972-இல் ஹவாய்க்குக் கொண்டுபோகப்பட்ட ஜாக்சன்கள் தப்பிப் பெருகியதும் அங்குள்ள ஈரமான குளிர்ச்சியான மேட்டுப் பகுதிகளில்தான்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: இரவிலும் 26 டிகிரிக்குக் கீழே இறங்காத வீடு ஜாக்சனுக்கு ஏற்றதில்லை. ஓர் அறையை மட்டுமாவது இரவில் 18-க்குக் கீழே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் குளிர்ந்த இடத்தில் வளர்க்கும் அனுபவசாலி ஒருவரிடம் கொடுத்துவிடுவது அவனுக்கு நல்லது.

கேள்வி: மீட்டர் 70 சதவீதம் காட்டுகிறது. ஆனாலும் கண் குழிந்திருக்கிறது, எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக இருக்கிறது. எப்படி நீர் வறட்சி வரும்?

காற்றில் ஈரம் இருப்பதும் வயிற்றுக்குள் தண்ணீர் போவதும் வேறு வேறு. பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் நின்று மின்னும் துளியைத்தான் குடிக்கும். செடி இல்லாத கூண்டில் எத்தனை தெளித்தாலும் துளி நிற்க இடமில்லை. மணி பிளான்ட், ஷெஃப்ளெரா, செம்பருத்தி வையுங்கள். (வெய்ல்டு செம்பருத்தி இலையையும் பூவையும் மென்று தின்னும், பயப்பட வேண்டாம்.) பகலில் ஒருமுறை சொட்டுக் குழாயை அரை மணி நேரம் இலைமேல் சொட்டவிடுங்கள். யாரும் பக்கத்தில் நிற்காதபோதுதான் சில பச்சோந்திகள் குடிக்கும். ஓரிரு நாளில் வெள்ளை திரும்பவில்லை என்றாலோ, கண் குழிந்தே இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். சிறுநீரகக் கோளாறும் இப்படித்தான் தொடங்கும்.

கேள்வி: ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டு அக்கா தினமும் வந்து பார்ப்பார். என்ன சொல்லி வைப்பது?

விளக்குகள் 12 மணி நேர டைமரில், தெளிப்பான் தனி டைமரில் இருக்கட்டும். கிளம்பும் நாளில் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பே மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். வளர்ந்த வெய்ல்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி போதும், பூச்சிகளை எண்ணி டப்பாக்களில் பிரித்து வையுங்கள்.

அக்காவிடம் மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள்: பாஸ்கிங் பல்பு எரிகிறதா, கீழ்த் தட்டில் தண்ணீர் நிரம்பி வழிகிறதா, பச்சோந்தியின் கண் திறந்திருக்கிறதா. கூண்டுக் கதவிலேயே மருத்துவரின் போன் எண்ணை ஒட்டி வையுங்கள். விளக்கு எரியும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அது தூங்கவில்லை, உடம்பு சரியில்லை என்று அர்த்தம். உங்களைக் கேட்கக் காத்திருக்காமல் நேராக அந்த எண்ணுக்கே அழைக்கச் சொல்லுங்கள்.