கேள்வி: தானியங்கிச் சோதனைகளுக்குக் குழு முழுவதற்கும் ஒரே டெஸ்ட் தரவுத்தளம் போதாதா?

போதாது. நீங்கள் ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவில் இருக்கிறீர்கள், பகலில் தேறுகிற சோதனைகள் இரவில் விழுகின்றன, காலையில் எல்லாரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் நான் நான்கு ஆண்டுகள் இருந்தேன்.

எங்களுடையது ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில் எழுதிய பஸ் முன்பதிவுச் செயலி. அடியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சோதனைகள் உலாவியைத் தானாக இயக்கும் செலினியம் என்ற கருவி வழியாக உலாவியைத் திறந்து ஓடும். எல்லாருடைய சோதனைகளும் ஒரே பயனர் கணக்கில்தான் நுழையும். ஒருவருடைய சோதனை கடவுச்சொல்லை மாற்றிவிட்டால், அதே நேரத்தில் ஓடும் இன்னொருவருடைய பத்துச் சோதனைகள் உள்ளே போக முடியாமல் விழும். மறுபடி ஓட்டினால் தேறும். 'நெட்வொர்க் கோளாறு' என்று விட்டுவிடுவோம். அப்படி விட்ட தோல்விகளில் ஒன்று உண்மையான பிழை. ஒரே இருக்கை இருவருக்கு விற்றுப்போனது, பயணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதன் பிறகுதான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனித் தரவுத்தளம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஜாங்கோ அதைத் தானே உருவாக்கி, அட்டவணைகளை அமைக்கும் மைக்ரேஷன்களை ஓட்டி, முடிந்ததும் அழித்துவிடும். வழக்கமான டெஸ்ட்கேஸ் வகுப்பு ஒவ்வொரு சோதனையையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாகவே பதியும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்பு) வைத்து, கடைசியில் ரோல்பேக் செய்யும், அதாவது எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். வேகமானது, சுத்தமானது. உலாவிச் சோதனைக்கு மட்டும் உதவாது. சோதனை உருவாக்கிய கணக்கு இன்னும் கமிட் ஆகவில்லை, அதாவது தரவுத்தளத்தில் நிலையாகப் பதியவில்லை. உலாவிக்குப் பதில் சொல்லும் சர்வரோ வேறு த்ரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை), தரவுத்தளத்துக்கு வேறு இணைப்பில் ஓடுகிறது. அதைப் பொறுத்தவரை அப்படி ஒரு கணக்கே கிடையாது. இது புரியாமல் மூன்று நாட்கள் கடவுச்சொல் குறியாக்கத்தைக் குடைந்துகொண்டிருந்தேன்.

உலாவிச் சோதனைக்கு ஜாங்கோ தரும் லைவ்சர்வர்டெஸ்ட்கேஸ் வகுப்பு உண்மையாகவே கமிட் செய்யும், ஒவ்வொரு சோதனை முடிந்ததும் எல்லா அட்டவணைகளையும் காலிசெய்யும். அங்கே அடுத்த அடி விழுந்தது. ஊர்ப் பட்டியலை மைக்ரேஷன் வழியாக நிரப்பியிருந்தோம். முதல் சோதனை தேறியது, இரண்டாவது ஓடும்போது ஒரு ஊர்கூட இல்லை. சீரியலைஸ்டு ரோல்பேக் என்ற அமைப்பு அந்தத் தரவை மீட்டுத் தரும். சோதனைகள் ஏறக்குறைய மூன்று மடங்கு மெதுவாகும் என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. நான் அதை எடுக்கவில்லை. அந்தந்தச் சோதனைக்கு வேண்டிய இரண்டு ஊர்களைச் சோதனையின் தொடக்கத்திலேயே உருவாக்கினேன்.

எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தை நினைவகத்தில் வைத்து ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று யாராவது கீழே எழுதுவார்கள். தெரியும், நானும் செய்திருக்கிறேன். 10 எழுத்துகள்தான் என்று வரையறுத்த இடத்தில் எஸ்கியூலைட் 50 எழுத்துகளையும் வாங்கிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் மறுக்கும். அந்த மறுப்பைப் பிடிக்கத்தானே சோதனை? உலாவிச் சோதனை இல்லாதவர்களுக்கு ரோல்பேக் முறையே போதும், அவர்களை நான் குறை சொல்லவில்லை.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நாங்கள் மாறுவதற்கு முன்பு ஒருமுறை, நிஜ வாடிக்கையாளர் தரவை அப்படியே நகலெடுத்து டெஸ்ட் சர்வரில் போட்டார்கள். தொலைபேசி எண்களை மாற்றச் சொல்லி எழுதிக் கேட்டேன். 'நேரமில்லை' என்று பதில் வந்தது. அன்றிரவு ஓடிய சோதனைகள் நிஜ மனிதர்களுக்கு 'உங்கள் பயணம் ரத்து' என்று குறுஞ்செய்தி அனுப்பின. மறுநாள் விளக்கக் கடிதம் எழுதியது நகலெடுத்தவர் அல்ல, டெஸ்டரான நான். பிழையைக் கண்டுபிடித்தால் வெளியீட்டைத் தாமதப்படுத்துகிறாய் என்பார்கள், விட்டுவிட்டால் சம்பளம் எதற்கு என்பார்கள். இத்தனை ஆண்டுகளில் ஒரு டெவலப்பரிடம் அப்படிக் கடிதம் கேட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பயனர் கணக்கு ஒன்று உங்களிடமும் இருக்கும். முதலில் அதை நீக்கிவிட்டு ஒருமுறை எல்லாச் சோதனைகளையும் ஓட்டுங்கள். விழுகிற சோதனைகளிலிருந்து மாற்றத்தைத் தொடங்குங்கள்.